ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் அக்கா 34 வயதில் வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பை முடிக்க முடியுமா? அந்தச் சான்றிதழ் செல்லுமா?

முடியும். செல்லவும் செல்லும். ஆனால் எதற்காகப் படிக்கிறார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

படிப்பது என் மைனி. வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் ஊரில் அண்ணன் மனைவியை மைனி என்போம். ஒன்பதாவதில் நின்றவர். அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அண்டியாபீசில் அம்மா உட்கார்ந்த இடத்தில் மகள் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். (முந்திரி ஆலை என்று பத்திரிகையில் போடுவார்கள். இங்கே யாருக்கும் அண்டியாபீஸ்தான்.) 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் கன்னியாகுமரி மாவட்டம், நூற்றுக்கு 90க்கும் மேல். அந்தக் கணக்கில் மைனியும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிற வேலைக்கு மட்டும் விண்ணப்பம் போட முடியாது.

உங்கள் அக்காவுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, எழுதுவது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற அதே புத்தகம், அதே வினாத்தாள். கணக்கும் அறிவியலும் கட்டாயம். அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிந்து பயிற்சிக்கும் போக வேண்டும். இன்னொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ். 1979இல் சிபிஎஸ்இ சின்ன அளவில் தொடங்கிப் பார்த்த திட்டம் இது. 1989இல் தனி நிறுவனமானது, அடுத்த வருடமே சொந்தமாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரமும் வந்தது. ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது, சிபிஎஸ்இ மாதிரி ஒரு தேசிய வாரியம்.

இதில் பத்தாம் வகுப்பில் சேர 14 வயது ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் தொலைந்து போயிருந்தால், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று தானே எழுதிக் கொடுக்கலாம். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். கணக்கு கட்டாயமில்லை என்று சொன்னபோது மைனி நம்பவே இல்லை, என்னை இரண்டு தடவை வாசிக்க வைத்தார். பத்தாம் வகுப்பைத் தமிழிலேயே எழுதலாம் என்பதும் அவருக்குப் பெரிய ஆறுதல். கடைசியில் தமிழ், மனையியல், சமூக அறிவியல், உளவியல், கணினியில் தரவு உள்ளீடு என்று எடுத்தார். உங்கள் அக்கா பிற்பாடு பாலிடெக்னிக், நர்சிங் என்று போக நினைத்தால் கணக்கையும் அறிவியலையும் இப்போதே விட்டுவிட வேண்டாம்.

நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் ஏப்ரல் தேர்வுக்கே ஐந்து பாடத்துக்கும் பணம் கட்டினோம். அண்ணனுக்கு ரப்பர் வெட்டு, விடிவதற்கு முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவான். அவனுக்குக் கட்டன் சாயா போட எழும்பும் மைனி, அவன் போனதும் அடுக்களையில் உட்கார்ந்து படிப்பார். ஆறு மணிக்குப் பிள்ளைகள் எழும்பினால் புத்தகத்தை மூட வேண்டியதுதான். ஒரு நாளைக்குக் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தை ஐந்து பாடத்துக்குப் பிரித்தால் என்ன மிஞ்சும்? தமிழும் மனையியலும் மட்டும் தேறியது. மூன்று பாடம் போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று மைனி புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டார்.

அப்புறம்தான் விதியை ஒழுங்காகப் படித்தேன். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. மொத்தம் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதுதான், அதைத் திரும்பத் தொட வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு பாடம் எழுதினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேலைக்குப் போகிற, வீட்டையும் பார்க்கிற ஒரு ஆளை நினைத்துத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பள்ளிக்கூடம் மாதிரி நினைத்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தோம்.

அக்டோபர் எங்களுக்கு ஒத்துவராது என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் வீட்டில் காசு இல்லை. தேர்வுக் கட்டணத்தைப் பாடத்துக்கு இவ்வளவு என்று பல மாதம் முன்பே கட்ட வேண்டும், அதுவும் சரியாக மழைக் காலத்தில் வந்து நிற்கும். முதல் அக்டோபரை அப்படித்தான் விட்டோம். அடுத்த ஏப்ரலில் சமூக அறிவியல் மட்டும் எழுதித் தேறினார். தேர்வு மையம் திருநெல்வேலியில் விழுந்ததால் நாகர்கோவில் வடசேரிக்குப் போய் பஸ் மாறி, வள்ளியூர் தாண்டும்வரை மடியில் புத்தகம். போன அக்டோபரில் உளவியல் கொஞ்ச மதிப்பெண்ணில் போனது. இப்போது அதுவும் தரவு உள்ளீடும் பாக்கி. மகன் எட்டாவது படிக்கிறான், தட்டச்சு சொல்லிக் கொடுப்பது அவன்தான். வாத்தியார் வேலை தலைக்கேறி, அம்மா எழுதுகிற ற, ர எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறான்.

என்ஐஓஎஸ் படிப்பு மையம் பற்றிக் கேட்பீர்கள். பெயர் வேண்டாம். தொடர்பு வகுப்புகள் நடக்கும் என்றார்கள், நான்கு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் நடக்கவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒப்படைப்பு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும், மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. நாங்களே எழுதி வைத்துவிடுகிறோம், இவ்வளவு தாருங்கள் என்று ஒரு தொகை சொன்னார்கள். அது மைனியின் ஒரு வாரக் கூலி. கொள்கைக்காக அல்ல, அந்தக் காசுக்காகத்தான் தானே எழுதினார். ஆனால் எழுதினதால் பாதிப் பாடம் மனதில் நின்றது. ‘கட்டாயம் பாஸ்’ என்று போர்டு வைத்திருக்கும் இடத்தின் பக்கமே போகாதீர்கள். திறந்தநிலை வாரியம் என்ற பெயரில் அங்கீகாரமே இல்லாத கடைகளும் உண்டு, என்ஐஓஎஸ் இணையதளத்தில் நேரடியாகப் பதிவதே பத்திரம்.

சரி, செல்லுமா என்ற கேள்வி. மேற்படிப்புக்கும் ஒன்றிய அரசு வேலைக்கும் செல்லும். எங்கள் சித்தப்பா மகன் பாஸ்போர்ட்டுக்காகவே சேர்ந்தான். பத்தாவது தேறாதவருக்கு இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறித்த) பாஸ்போர்ட்தான் கிடைக்கும், சவூதி, குவைத் என்று வேலைக்குக் கிளம்ப ஒவ்வொரு தடவையும் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். தேறிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசு வேலை மட்டுமே குறி என்றால் என் யோசனை வேறு: கணக்குக்குப் பயப்படாதவராக இருந்தால் தனித்தேர்வராகவே எழுதட்டும். மற்ற வாரியச் சான்றிதழ் என்றால் இணைத்தன்மை, அதாவது இது நம் பத்தாவதுக்குச் சமம்தானா என்று கேட்டுக் கோப்பைச் சுற்றவிடும் இடங்கள் உண்டு.

இன்னொன்று, யாராவது ‘பத்தாவது, பிளஸ் டூ எல்லாம் எதற்கு, நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிடலாம்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசு 2009இல் ஆணை போட்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா மூன்று வருடம் படித்து பி.ஏ. வாங்கினார், சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புத்தகம் வாங்குவதற்கு முன்பு உங்கள் அக்கா செய்ய வேண்டியது பெயரைச் சரிபார்ப்பது. மைனிக்கு ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகான இன்னொரு பெயர். பிறந்த தேதியிலும் ஒரு வருடம் இடித்தது. ஆதாரைத் திருத்தப் போனால் விரல் ரேகை விழவில்லை. முதல் பத்து வருடம் அண்டி உடைத்தவர், அந்த எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் உரிந்த விரல்கள். மூன்று தடவை அலைந்த பிறகு கருவிழியை வைத்து முடித்துக் கொடுத்தார்கள். இதற்கே இரண்டு மாதம் போனது, அதனால் அடுத்த பதிவு தொடங்கும் முன்பே ஆதார், பிறப்புச் சான்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.