பெரிய நிலநடுக்கம் வந்தால் பக்கத்து எரிமலை வெடிக்குமா?

வெடிக்கலாம், ஆனால் அந்த எரிமலை ஏற்கெனவே வெடிக்கும் தறுவாயில் இருந்தால்தான். அடியில் போதிய மாக்மாவும் (உருகிய பாறைக்குழம்பு) அழுத்தமும் சேராத எரிமலையை எவ்வளவு பெரிய அதிர்வும் எழுப்பிவிடாது.

1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவில் நிலநடுக்கம் வந்தது. பதிவானவற்றிலேயே மிகப் பெரியது அதுதான். இரண்டு நாள் கழித்து அங்குள்ள கோர்டோன் காவுயே எரிமலை வெடித்தது.

இது எப்படி நடக்கிறது? பாறைத்தட்டு நழுவும்போது சுற்றுப்புறப் பாறைகளின் இறுக்கம் மாறுகிறது. ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் மாக்மா மேலேற விரிசல் திறக்கும். வேறிடத்தில் மாக்மா தேங்கியுள்ள அறையே நசுக்கப்பட்டு, மாக்மா மேலே தள்ளப்படலாம். அப்புறம், கடந்து போகும் அதிர்வலைகளே மாக்மாவில் கரைந்துள்ள வாயுவைக் குமிழிகளாகக் கிளப்பக்கூடும் என்றும் ஒரு விளக்கம் உண்டு. குமிழி பெருகினால் அழுத்தம் ஏறும்.

சரி, எப்போதும் இப்படித்தானா? இல்லை. 2011இல் ஜப்பானில் 9.0 அளவில் அதிர்ந்தபோது பல எரிமலைகளின் அடியில் சிறு நடுக்கங்கள் கூடின, சில எரிமலைப் பகுதிகளில் நிலம் 15 செ.மீ. வரை தாழ்ந்தது. எல்லோரும் அஞ்சிய ஃபுஜி மலையோ வெடிக்கவே இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: எரிமலைக்கு அடியிலேயே வரும் சிறு நடுக்கங்கள் பெரும்பாலும் மாக்மா நகர்வதன் விளைவு, காரணம் அல்ல.