டம்ளருக்கு அடியில்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பணி ஓய்வுக்குப் பிறகு முதல்முறையாக வெளிநாடு போய்வந்தேன். ஹூஸ்டனில் மகள் வீட்டில் இரண்டு மாதம், திரும்பும் வழியில் ஜப்பானில் நான்கு நாள். நீங்கள் பயணங்களைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறீர்கள், பணத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. வெளியூரில் ரொக்கம் நல்லதா, கார்டு நல்லதா? கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது? கார்டு மெஷின் ‘உங்கள் நாட்டுப் பணத்திலா, டாலரிலா’ என்று கேட்கிறதே, எதை அழுத்த வேண்டும்?

இன்னொன்று. ஹூஸ்டனில் ஓர் உணவகத்தில் பில்லுக்குக் கீழே டிப்ஸ் எழுத ஒரு கோடு இருந்தது. நான் சைபர் போட்டேன். பரிமாறிய பெண் வந்து ‘ஏதாவது குறை இருந்ததா?’ என்று கேட்டார். என் மகள் முகம் சிவந்து, கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தாள். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. ஜப்பானிலோ, நான் மேஜையில் விட்டுவந்த சில்லறையைப் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார்கள். அதுதானே சுயமரியாதை? சம்பளம் கொடுக்க வேண்டியவர் முதலாளி. டிப்ஸ் என்பது நாசூக்கான பிச்சை. கொள்கைப்படி நடந்தது தவறா?

எம்.

*

அன்புள்ள எம்.,

பயணத் தகவல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் வேறு நிறைய இருக்கிறார்கள். உங்களுக்கு எழுதக் காரணம் போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம். வெளியே சாப்பிட்டுவிட்டு கார்டில் பணம் கட்டினேன். டிப்ஸையும் அதிலேயே சேர்க்கலாம் என்றது மெஷின். சேர்த்துவிட்டு, ‘இது உங்கள் கைக்கு வருமா?’ என்று பரிமாறியவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதல் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ரொக்கமா கார்டா என்பது போகிற ஊரைப் பொறுத்தது. ஸ்வீடனில் ரொக்கமே வாங்காத கடைகள் இருக்கின்றன. ஜெர்மனியில் கார்டை நீட்டினால் தலையை ஆட்டிவிடும் சின்னக் கடைகளும் இருக்கின்றன. இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். ஓட்டல் அறைக்கும் வாடகைக் காருக்கும் டெபிட் கார்டைக் கொடுக்க வேண்டாம். பாதுகாப்புக்கென்று ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அது உங்கள் கணக்கில் இருக்கும் சொந்தப் பணம், விடுபட நாளாகும். விமான நிலையத்துக் கவுன்டரில் டாக்சிக்கு ஆகிற அளவுக்கு மட்டும் மாற்றுங்கள். எவ்வளவு ரொக்கம் என்பதை மகளிடம் கேளுங்கள். அங்கே குடும்பம் நடத்துபவர் அவர்தான்.

இனி அந்த சைபர்.

கொள்கை என்கிறீர்கள். உங்கள் கொள்கைக்கு உங்களுக்கு ஆன செலவு எவ்வளவு? உண்மையில் மிச்சம்தான் பிடித்திருக்கிறீர்கள். மகள் நோட்டு வைக்காதிருந்தால் செலவு முழுவதும் பரிமாறிய அந்தப் பெண்ணுடையதாகியிருக்கும். நீங்கள் சாப்பிட்ட டெக்சாஸ் மாநிலத்தில், டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கட்டாயம் தர வேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர். நாடு முழுவதற்குமான அந்தக் கணக்கு 1991-இலிருந்து ஒரு சென்ட் கூட ஏறவில்லை. மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். நடுவில் இருக்கும் பள்ளத்தை நீங்களும் நானும் நிரப்புவோம் என்று எண்ணித்தான் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. டிப்ஸ் சேர்த்தும் 7.25 எட்டாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். ஆனால் அது வாரம் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. பக்கத்து மேஜைக்காரர்கள் கொடுத்துவிட்டால் உங்கள் சைபர் முதலாளியைத் தொடவே தொடாது. இன்னும் ஒன்று: பல உணவகங்களில் பரிமாறுபவர் தன் மேஜைகளின் விற்பனையில் ஒரு பங்கைத் தட்டு எடுப்பவருக்கும் பானம் கலப்பவருக்கும் கொடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடமாக இருந்து, உங்கள் சைபர் மட்டும் நின்றிருந்தால், உங்களுக்குப் பரிமாறியதற்காக அவர் கைக்காசைப் போட்டிருப்பார். அவர் வந்து ‘குறை இருந்ததா’ என்று கேட்டது பிச்சை கேட்டதாக உங்களுக்குத் தெரிகிறது. தன் கூலி எங்கே என்று இதைவிட மரியாதையாக எப்படிக் கேட்பது?

நீங்கள் சொல்வதில் பாதி சரி என்பதால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். இந்த ஏற்பாடு அசிங்கமானது என்று அமெரிக்கர்களே நூறு வருடத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது, இன்னும் சில மாநிலங்களும் போட்டன. 1926-க்குள் எல்லாம் ரத்தாகிவிட்டன. உள்நாட்டுப் போர் முடிந்தபிறகு புல்மன் கம்பெனி தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது விடுதலையான கறுப்பின அடிமைகளை. அற்பக் கூலி, மிச்சத்தைப் பயணிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று. அவர்களுடைய பெயரைக்கூடப் பயணிகள் கேட்பதில்லை, முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரை வைத்து எல்லாரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். அந்த நிலைமையை மாற்ற, 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருடம் போராடி 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பன்னிரண்டு வருடமும் டிப்ஸ் கொடுக்காமல் இறங்கிப்போய்த் தங்களுக்கு உதவிய பயணியை அவர்களில் யாராவது நன்றியோடு நினைத்திருப்பார்களா?

ஜப்பானை இதில் இழுக்காதீர்கள். அங்கே கூலி டிப்ஸை நம்பி இல்லை. நீங்கள் சில்லறையை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து ஓடிவந்திருக்கிறார்கள், உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. அங்கும் பாரம்பரிய விடுதிகளில் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கு உறையில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கு கொகோரோசுகே என்று பெயர். கொகோரோ என்றால் மனம். பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும், அதற்கு மேல் வைப்பது உங்கள் விருப்பம். காபிக் கவுன்டரில் திரையைத் திருப்பி 18, 20, 25 சதவீதம் காட்டுகிறார்களே, அங்கே கூசாமல் ‘வேண்டாம்’ அழுத்துங்கள். நானும் அழுத்துகிறேன். கோப்பையை நீங்களேதான் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்.

என் அப்பா முப்பது வருடம் சர்வராக இருந்தார். வெகுகாலம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் ‘உணவக நிர்வாகம்’ என்று எழுதியவன் நான். இரவு வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையைப் பாயில் கவிழ்ப்பார். நானும் தங்கையும் நாணயங்களைத் தரம் பிரித்து அடுக்குவோம். சிலது ஈரமாக இருக்கும், எல்லாமே எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். சம்பளம் அம்மா கைக்கு. இது தனி டப்பாவுக்கு. எங்கள் பள்ளிக்கூடப் பீஸ் அந்த டப்பாதான். அப்பா ஒரு நியமம் வைத்திருந்தார்: சாப்பிட்டவர் எழுந்து வாசலைத் தாண்டும்வரை மேஜைப் பக்கம் திரும்பமாட்டார். ‘பார்த்தா அவங்களுக்குச் சங்கடம்’ என்பார்.

ஒரு வருடம் அங்கே புது முதலாளி வந்தார். டிப்ஸை எல்லாரும் கல்லாவில் உள்ள உண்டியலில் போட வேண்டும், மாதக் கடைசியில் சமையலறைக்கும் சேர்த்துப் பிரிப்போம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முதல் மாதம் பிரித்தார்கள். இரண்டாம் மாதம் உடைந்த தட்டுகளுக்கென்று கழித்தார்கள். மூன்றாம் மாதம் உண்டியல் மட்டும் இருந்தது. அந்த வருடப் பீஸுக்கு அம்மாவின் கம்மல் போயிற்று.

அப்பா இதற்காகக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பல வருடம் கழித்து, என் முதல் சம்பளத்தில் அவரை வெளியே சாப்பிடக் கூட்டிப்போனேன். சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டார். ‘சும்மா உக்காருங்கப்பா’ என்றேன். பில் தட்டில் பணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நாலாக மடித்து, எட்டாக மடித்து, டம்ளருக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிறார். தட்டிலேயே வைக்கலாமே என்றேன். ‘அது கல்லாவுக்குப் போற தட்டுடா’ என்றார்.

இதனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பில்லை எதில் வேண்டுமானாலும் கட்டுங்கள், கார்டு, போன், எதுவானாலும் சரி. டிப்ஸை ரொக்கமாக, அந்த ஆளின் கையில் கொடுங்கள். கார்டில் கொடுத்தால் கணக்கில் வரும், வரி கட்டப்படும் என்று என் நண்பர் ஒருவர் வாதாடுவார். வரட்டும், கட்டட்டும். ஆனால் கார்டில் போகும் பணம் முதலில் முதலாளியின் கணக்கைத்தான் சேர்கிறது. அங்கிருந்து அது நகர்கிறதா என்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் பார்க்க முடியாது. முதலாளியும் மேலாளரும் டிப்ஸை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்கா 2018-இல் சட்டத்தில் எழுதியது. டிப்ஸைப் பிடித்தம் இல்லாமல் தொழிலாளிக்கே தர வேண்டும் என்ற பிரிட்டன் சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபரில்தான். அதுவரை அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். ரொக்கம் இல்லாதபோது கார்டில் கொடுங்கள், கொடுக்காமல் வந்துவிடாதீர்கள். ஆனால் ‘உங்களுக்கு வருமா?’ என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்தக் கேள்வி அவருக்குச் சங்கடம் தராது, சங்கடம் கல்லாவில் இருப்பவருக்குத்தான்.

ஓட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு நாம் கொடுப்பதே இல்லை, ஏனென்றால் அவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. கொடுக்கும் வழக்கமுள்ள ஊர்களில் கடைசி நாள் மொத்தமாக வைக்காமல் தினமும் காலையில் வையுங்கள். நாளைக்கு வேறு ஆள் வரலாம். பக்கத்தில் ‘நன்றி’ என்று ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள். சீட்டு இல்லாவிட்டால் நீங்கள் மறந்து வைத்த பணம் என்று பயந்து தொடாமல் போவார்கள்.

உங்களைக் கடுமையாகத் திட்டிவிட்டேன் என்று தோன்றுகிறது. என் அப்பா இருந்திருந்தால் உங்களை ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். உங்கள் மேஜைப் பக்கம் திரும்பியே இருக்கமாட்டார். மகள் கோபித்துக்கொண்டு பேசாமல் வந்தாளே, அவளுக்கு இன்று போன் செய்யுங்கள். விளக்கமெல்லாம் வேண்டாம், அன்றைக்கு எவ்வளவு வைத்தாய் என்று மட்டும் கேளுங்கள்.

மெஷின் கேட்ட கேள்வியை மறந்தே போனேன். டாலரை அழுத்துங்கள். எந்த நாட்டிலும் அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள், ஏ.டி.எம்.மிலும் அப்படித்தான். நம் பணத்தில் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அதில் ஒரு லாபமும் சேர்த்து.

அன்புடன்.