காதலிக்க நேரமில்லை படத்தை இப்போது பார்த்தாலும் சிரிப்பு வருமா?

வரும். நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், யாரோ அனுப்பிய ஒரு நிமிட வீடியோத் துண்டைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்று நினைத்திருப்பீர்கள் போல.

1964இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வந்த படம். கதையைத் தபால் அட்டையில் எழுதிவிடலாம். பணத்தாசை பிடித்த எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் (பாலையா). அவர் மகளைக் கட்ட, வேலை போன அசோக் (ரவிச்சந்திரன், முதல் படம்) பணக்கார வீட்டுப் பிள்ளையாக நடிக்கிறான். நண்பன் வாசு (முத்துராமன்) கிழவர் வேஷத்தில் அவனுக்கு அப்பா. விஸ்வநாதனின் மகன் செல்லப்பா (நாகேஷ்) 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று போர்டு மாட்டிக்கொண்டு, படம் எடுக்க அப்பாவிடம் காசு கேட்கிறான்.

எடுக்கப்போகும் படத்தின் பேய்க்கதையைச் செல்லப்பா அப்பாவுக்குச் சொல்லி நடுங்க வைக்கும் காட்சி எனக்குக் கொஞ்சம் ஆறாத விஷயம். கல்லூரி விடுதி விழாவில் செல்லப்பா வேஷம் கட்டினேன். கதவு கிறீச்சிடுவது, காலடிச் சத்தம் எல்லாம் ஒரு மாதம் வாயாலேயே பழகினேன். எதிரே உட்கார்ந்த அறைத் தோழனோ கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தான். ஒரு சிரிப்பு இல்லை. நாகேஷ் மாதிரி நமக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

பல வருஷம் கழித்து எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் அதே காட்சி. மூன்றாவது மாடிப் பெரியவர் பாலையாவாக உட்கார்ந்தார். ஒத்திகைக்குக்கூட வரவில்லை. "நீ சொல்லுப்பா, நான் பயந்துக்கறேன்" என்றார். பயந்தார். நாற்காலி நுனிக்கு வந்தார், துண்டைச் சுருட்டி வாயில் அடைத்தார், கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. (பரிசும் அவருக்கே.)

அன்றிரவு படத்தைத் திரும்பப் போட்டேன். நாகேஷ் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அவர் விடுகிற கதை பாலையா முகத்தில்தான் பேயாகிறது. மாப்பிள்ளை பணக்காரன் என்று தெரிந்ததும் அதே பாலையா மரியாதை தாங்காமல் 'மகன்' என்பதை 'மகர்' ஆக்கிவிடுவார். ஒரே ஒரு 'ர்'. ஆளின் பேராசை மொத்தமும் அதற்குள் இருக்கிறது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. முத்துராமன்–காஞ்சனா காதல் பகுதியில் நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன், இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாட்டு ஆரம்பித்ததும் டம்ளரோடு ஓடி வருவேன். சில இடங்களில் பெண்களைப் பின்தொடர்ந்து கலாய்ப்பது இன்று நெளிய வைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

உங்களுக்கு வந்த துண்டு செல்பேசிக்காக நெட்டுக்குத்தாக வெட்டியதா என்று பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் முழுக்க நாகேஷ்தான். பாலையாவின் ஒரு முழங்கை மட்டும் ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.