8 ஜிபி ரேமில் கூத்துப் பாட்டு திக்குகிறதா?

கேள்வி: பாலக்கோட்டில் தெருக்கூத்துப் பாடல்களை வீட்டிலேயே ரீப்பர் மென்பொருளில் பதிவு செய்கிறேன். விண்டோஸ் மடிக்கணினி, 8 ஜிபி ரேம். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், குரல் வரை சிக்கல் இல்லை. கான்டாக்டில் (பதிவான வாத்திய ஒலிகளை வாசிக்கும் மென்பொருள்) வயலின் குழுவைச் சேர்த்ததும் பாட்டு திக்கி நிற்கிறது. ரேமைச் சுத்தம் செய்யும் செயலி போடலாமா?

பதில்: வேண்டாம். அத்தகைய செயலிகள் பயன்பாட்டில் உள்ள தரவையும் வட்டுக்குத் தள்ளிவிட்டு, இடம் கிடைத்ததாகக் கணக்குக் காட்டுகின்றன. பாட்டுக்கு அதே தரவு தேவைப்படும்போது, அதை வட்டிலிருந்து திரும்ப எடுப்பதற்குள் ஒலி அறுந்துவிடும்.

முதலில், குறை ரேமில்தானா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு திக்கும் இடத்தை ஓடவிடுங்கள். மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி, வட்டின் வேலையும் கூடவே ஏறினால் ரேம் போதவில்லை. மெமரியில் இடமிருந்தும் ஒலி படபடவென வெடித்தால் திணறுவது பெரும்பாலும் பிராசஸர். அப்போது ஆடியோ பஃபரை (ஒலியைச் சிறிது சேர்த்து வைத்து அனுப்பும் இடம்) 256 சாம்பிளிலிருந்து 1024க்கு உயர்த்துங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில், இதனால் ஒலி வெளிவரும் தாமதம் சுமார் 6 மில்லி நொடியிலிருந்து 23 ஆகும். பாடிப் பதிவு செய்யும்போது இது இடைஞ்சல், மிக்ஸிங்கின்போது பொருட்டல்ல.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு ரேம் மீதுதான் சந்தேகம். பதிவு செய்த குரலும் மிருதங்கமும், 24 பிட் ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 15 எம்பி அளவில், வட்டிலிருந்து ஓட ஓடப் படிக்கப்படுகின்றன. அவற்றை நீக்கிப் பலனில்லை. வயலின் குழுவோ, ஒவ்வொரு சுரத்துக்கும் மென்மையாக, அழுத்தமாக எனப் பல அடுக்கு ஒலிகளின் தொடக்கத் துண்டுகளை, நீங்கள் தொடாத சுரங்களுக்கும் சேர்த்து, ரேமில் ஏற்றி வைக்கிறது. கான்டாக்டின் பர்ஜ் (வேண்டாத ஒலிகளை ரேமிலிருந்து இறக்கும்) பட்டியலில் 'ரீசெட் மார்க்கர்ஸ்' கொடுத்து, பாட்டை முழுவதும் ஒருமுறை ஓடவிட்டு, பிறகு 'அப்டேட் சாம்பிள் பூல்' கொடுத்தால், ஒலித்த சாம்பிள்கள் (வாத்திய ஒலிப் பதிவுகள்) மட்டும் தங்கும்.

வயலின் மெட்டு முடிவாகிவிட்டால் அந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். அது சாதாரண ஆடியோவாகிவிடும், கான்டாக்டும் ரேமை விட்டு இறங்கும். திருத்த வேண்டுமானால் அன்ஃப்ரீஸ் இருக்கிறது. (முகவீணை ஓங்கி ஒலிக்கும் இடங்களில் வயலின் குழுவே தேவையில்லை என்பது என் கருத்து.)

குரோமை மூடுவதும் ஸ்டார்ட்அப் செயலிகளை நிறுத்துவதும் கொஞ்சம் உதவும். பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் இடம்) மட்டும் அணைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் போதாவிட்டால் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதே வழி. சில மடிக்கணினிகளில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், பணம் கொடுக்குமுன் தருமபுரியிலோ ஓசூரிலோ கடைக்காரரிடம் அடிமூடியைத் திறந்து, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.