கடைசியாக ஒரே ஒரு தடவை

கேள்வி: 2012இல் வந்த 'கான்ட்ராபேண்ட்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஓய்வு பெற்ற கடத்தல்காரர், மைத்துனன் சிக்கலில் மாட்டிக்கொண்டதால் கடைசியாக ஒரு தடவை கப்பல் ஏறுகிறார். கூடவே இருக்கும் நண்பன்தான் துரோகி என்பது அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடுத்து என்ன வரும் என்று நான் சொல்லச் சொல்ல, அதுவே வந்தது. எளிதில் ஊகிக்க முடிகிற இந்த மாதிரிப் படங்களை ஏன் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்?
– ஒரு வாசகர்

பதில்: படம் கிடக்கட்டும். 'ஓய்வு பெற்ற கடத்தல்காரர்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதைத் தாண்டி என்னால் ஒரு அடி நகர முடியவில்லை.

ஒருவர் ஓய்வு பெற வேண்டுமென்றால் அதை யாராவது கொடுக்க வேண்டும். கடத்தலில் யார் கொடுப்பது? பணிமூப்புப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? பிரிவு உபசாரக் கூட்டத்தில் மேலதிகாரி எழுந்து, "இத்தனை வருஷத்தில் இவர் ஒருநாள்கூடப் பிடிபட்டதில்லை" என்று நாத்தழுதழுக்கப் பேசுவாரா? நினைவுப் பரிசாகக் கைக்கடிகாரம் கொடுத்தால் அதற்குச் சுங்கவரி கட்டியிருப்பார்களா? எங்கே, சட்டைக்குள் மறைத்துத்தான் கொடுப்பார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். இவருக்கோ உயிரோடு இருப்பது வெளியே தெரியாமல் இருந்தால்தான் நல்லது. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்கள்கூடச் சும்மா இருப்பதில்லை, மறுநாளே வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் கேட்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் த்ரில்லர் எடுப்பதில்லை.

தேநீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கடத்தல்காரர்களுக்கு உண்மையிலேயே ஓய்வு கொடுத்த மேலதிகாரி ஒருவர் வரலாற்றில் உண்டு. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் தேயிலைக்கு 119 சதவீதம் வரை வரி. சரக்கின் விலையைவிட வரி அதிகம் என்றால் அப்புறம் என்ன நடக்கும்? கடற்கரைக் கிராமங்கள் இரவில் கண்விழித்தன, பகலில் தூங்கின. 1747இல் ஹாக்கர்ஸ்ட் கும்பல் பூல் துறைமுகத்தின் சுங்க மாளிகையையே உடைத்து, அங்கே பறிமுதலாகிக் கிடந்த தங்கள் தேயிலையை எடுத்துக்கொண்டு போனது. போதைப்பொருள் இல்லை ஐயா, கள்ள நோட்டும் இல்லை. வெறும் தேயிலை. படையை அனுப்பினார்கள், தூக்கில் போட்டார்கள், ஒன்றும் ஓயவில்லை.

1784இல், பிரதமர் பதவியோடு நிதியையும் கையில் வைத்திருந்த 25 வயது இளைஞர் வில்லியம் பிட், தேயிலை வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தார். தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. கஜானாவுக்கு வந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஜன்னல்கள் மீதான வரியை ஏற்றினார். அதில்தான் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். தேயிலையைப் படகில் போட்டு நள்ளிரவில் கொண்டுவரலாம், ஜன்னலை எப்படிக் கடத்துவது? கடத்த முடியாதவர்கள் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டார்கள்.

இந்த ஜாதிப் படங்களில் எனக்குள்ள குறையும் இதுதான். நாயகன் தொழிலை விட்டதற்கு மனைவி, குழந்தை, மனச்சாட்சி என்று காரணம் சொல்கிறார்கள். மனச்சாட்சியால் விட்டவன் பாசத்தால் திரும்புவான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், டிக்கெட் கிழிப்பவருக்கும் தெரியும். வரி மாறியதால் விட்டான் என்று வையுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது பட்ஜெட்டுக்கு முந்தின நாள்வரை நிதியமைச்சருக்கே சரியாகத் தெரியாது. சஸ்பென்ஸ் வேண்டுமென்றால் அங்கே போய்த் தேட வேண்டும்.

ஊகிக்க முடிவது ஒரு குற்றமா என்று கேட்டால், இல்லை. முடிவு பார்வையாளனுக்குத் தெரிந்திருக்கலாம். நாயகனுக்கும் தெரிந்திருப்பதுதான் பிரச்சினை. தான் சாகமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த மனிதர் கப்பலில் எப்படி நடப்பாரோ அப்படி நடக்கிறார். அப்புறம் நாம் எதற்குப் பயப்படுவது?

ஏன் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? இந்தப் படமே 2008இல் ஐஸ்லாந்தில் வந்த ஒரு படத்தின் மறு ஆக்கம். ஐஸ்லாந்துப் படத்தில் நாயகனாக நடித்தவர் பால்டசார் கோர்மாகுர். ஹாலிவுட் படத்தை இயக்கியவர் யார் தெரியுமா? அதே பால்டசார் கோர்மாகுர். 'இதுதான் கடைசித் தடவை' என்று சொல்லிவிட்டு நான்கு வருஷம் கழித்துப் பெரிய கப்பலில் ஏறியிருக்கிறார். படத்துக்குள் இருப்பவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

நடுவில் ஒரு வீட்டுப் பிரச்சினை. உங்கள் கேள்வியில் இருந்த 'கடத்தல்காரர்' என்பதை எங்கள் பிழைதிருத்துநர் 'கள்ளக்கடத்தல்காரர்' என்று திருத்தி அனுப்பியிருந்தார். நான் அடித்தேன், அவர் மறுபடி எழுதினார். இது பல வருஷச் சண்டை. வெறும் 'கடத்தல்' என்றால் ஆள்கடத்தலா, சரக்குக் கடத்தலா, அறிவியல் பாடத்து வெப்பக் கடத்தலா என்று குழப்பம் வருமாம். எனக்கென்னவோ அந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது. செம்பு நற்கடத்தி, மரம் அரிதிற்கடத்தி என்று படித்தோமே, இந்தப் படத்தின் மைத்துனன் சுத்தமான அரிதிற்கடத்தி. சுங்கக்காரர்களைக் கண்டதும் சரக்கைக் கடலில் போட்டுவிடுகிறான். தவிர, படம் பார்த்த அன்று நீங்களும் இரண்டு மணி நேரத்தைக் கடத்தியிருக்கிறீர்கள். அதிலே கள்ளம் எதுவும் இல்லையே.

எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் வேறு. துணியில் பெயின்டைச் சொட்டவிட்டும் தெளித்தும் வரைந்த ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியம் ஒன்று படத்தில் வருகிறது. கொள்ளைக்காரர்கள் கையிலிருந்து எப்படியோ இவர்கள் கப்பலுக்கு வந்து சேர்கிறது. தேடி வரும் சுங்க அதிகாரிகள் அதைப் பெயின்ட் சிந்திய பழைய தார்ப்பாய் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தியேட்டரே சிரித்திருக்கும். சுங்க அதிகாரிக்குக் கலை தெரியாது என்று எழுதினால் சிரிப்பு வரும் என்று கதாசிரியர் நினைக்கிறார். இந்தப் பத்திரிகையில் முன்பு எழுதிவந்த ஒரு கவிஞரும் இப்படித்தான். மாதச் சம்பளம் வாங்குகிறவன் கலைஞன் ஆக மாட்டான் என்று ஒரு கட்டுரை கொடுத்தார். போடவில்லை. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலக் கவிதையின் தந்தை என்கிறார்களே, சாஸர், அவர் 1374இல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கத்தின் கணக்குக் கண்காணிப்பாளர். கணக்கைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று நியமன ஆணையிலேயே நிபந்தனை. (கவிஞர் தன் கட்டுரைகளை இன்னொருவரை வைத்து எழுதுவார் என்பதை இங்கே சொல்லவில்லை.) 'மோபி டிக்' எழுதிய மெல்வில், 1866 முதல் 19 வருஷம் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளர். அமெரிக்க நாவலாசிரியர் ஹாதார்ன், ஆட்சி மாறியதால் 1849இல் சுங்க வேலையை இழந்து, மறு வருஷமே 'தி ஸ்கார்லெட் லெட்டர்' கொடுத்தார். பொருளியல் மேதை ஆடம் ஸ்மித் 1778இல் ஸ்காட்லாந்தின் சுங்க ஆணையர் ஆனவர். பதவிக்கு வந்ததும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் படித்துப் பார்த்தார். தன் கழுத்துத்துணியும் கைக்குட்டையும் கிட்டத்தட்ட எல்லாமே அதில் இருந்ததால் அவற்றை எரித்துவிட்டதாக ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அதோடு நிறுத்தவில்லை. உங்கள் துணிமணிகளையோ உங்கள் மனைவியின் துணிமணிகளையோ சோதித்துப் பார்க்காதீர்கள், நீங்களும் இதே வம்பில் மாட்டிக்கொள்வீர்கள் என்று கடிதம் பெற்றவரை எச்சரிக்கிறார்.

எல்லோரையும்விட எனக்குப் பிரியமானவர் ஹென்றி ரூஸோ. பாரிஸ் நகர எல்லையில் நுழைவு வரி வசூலித்த சின்ன உத்தியோகஸ்தர். அதனால் 'சுங்கக்காரர்' என்றே பட்டப்பெயர். 1893இல், 49 வயதில், முறைப்படி ஓய்வு பெற்றார். அந்தச் சொல்லை இங்கே எந்த உறுத்தலும் இல்லாமல் எழுதலாம். கடத்தல்காரர் ஓய்வு பெற்றால் படம் எடுக்கிறார்கள். இவர் ஓய்வு பெற்றுப் படம் வரைந்தார். பிரான்ஸை விட்டு வெளியே போகாமலேயே காடும் புலியும் குரங்குமாக வரைந்து தள்ளினார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. சிரிக்காதவர்களில் பிக்காஸோவும் உண்டு.

1907இல் இந்த ஓய்வு பெற்ற மனிதரைத் தேடி ஒரு பழைய நண்பர் வருகிறார். வங்கியில் வேலை பார்ப்பவர். சின்ன உதவி, ஒரே ஒரு தடவை, வேறு பெயரில் கணக்குத் திறந்து பணத்தை எடுத்து வந்தால் போதும் என்கிறார். ரூஸோ போனார். மாட்டினார். சிறையில் இருந்தார். 1909இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவருடைய வழக்கறிஞர் குரங்குகள் உள்ள அவரது ஓவியத்தைக் காட்டி, இப்படி வரைகிற மனிதருக்குச் சூது தெரியுமா என்கிற ரீதியில் வாதாடினார். கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. நன்றி தாங்காத ரூஸோ, "உங்கள் மனைவியை வரைந்து தருகிறேன்" என்று நீதிபதியிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஓய்வு பெற்றவர், தேடி வரும் நண்பன், ஒரே ஒரு தடவை, வங்கிப் பணம். நீங்கள் பார்த்த படத்தின் சாமான்கள் அத்தனையும் இதில் இருக்கின்றன. குரங்கு வரும்வரை நீங்கள் சொல்லச் சொல்ல எல்லாம் வந்திருக்கும். குரங்கைச் சொல்லியிருப்பீர்களா?