பயோஸ் அப்டேட் முடிந்தது, மொனிட்டரைக் காணவில்லை

கேள்வி: அண்ணா, நான் கம்பஸ் மாணவி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து இருக்கிறேன். போன கிழமை என் லப்டொப்பில் ஒரு அப்டேட் வந்தது. ரீஸ்டார்ட் ஆகும்போது பயோஸ் புதுப்பிக்கப்படுகிறது, நிறுத்த வேண்டாம் என்று கறுப்புத் திரையில் ஓடி முடிந்தது. அன்றிலிருந்து எச்டிஎம்ஐ வயரில் கொழுவியிருக்கும் மொனிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும்தான். லப்டொப்பின் சொந்தத் திரையில் ஒரு குறையும் இல்லை. வேறு வயரும் போட்டுப் பார்த்தேன். டவுணில் ஒரு கடையில் காட்டினால், போர்ட் எரிந்துவிட்டது, மதர்போர்ட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, கடைக்குக் காசு கட்ட அவசரப்பட வேண்டாம். அப்டேட்டுக்கு முதல் நாள் வரை ஒழுங்காக வேலை செய்த போர்ட், அப்டேட் முடிந்த அதே நிமிடத்தில் எரிந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. பயோஸ் என்பது லப்டொப்பைப் போட்டதும் விண்டோஸுக்கு முதல் ஓடும் அடிப்படை மென்பொருள். அதன் அப்டேட்டுக்குப் பிறகு வழமையாக நடப்பது இரண்டு. ஒன்று, உள்ளே இருந்த செட்டிங்ஸ் சில பழையபடி தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். மற்றது, பவர், சார்ஜிங், போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சின்ன கொன்ட்ரோலர் சிப் பழைய நிலையிலேயே சிக்கி நிற்கும். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

முதலில் லப்டொப்பை முழுதாக அணைக்க வேண்டும். முழுதாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஓனில் இருந்தால், நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் அது உள்ளே இருந்ததில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டும், அதனால் பழைய குழப்பமும் சேர்ந்தே எழும்பி வரும். ஷிஃப்ட் கீயை அமர்த்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அப்புறம் சார்ஜர், எச்டிஎம்ஐ, பென்டிரைவ், மவுஸ் என்று கொழுவியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் போல விடாமல் அமர்த்திப் பிடியுங்கள். சில லப்டொப்புகளின் அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் ஓட்டை இருக்கும், இருந்தால் அதையும் பாவிக்கலாம்.

மொனிட்டரையும் சும்மா விடக்கூடாது. அதன் பட்டனை மட்டும் அமர்த்தாமல், பிளக்கையே சுவரிலிருந்து இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். எச்டிஎம்ஐ வயரைக் கொழுவியதும் லப்டொப் அந்த வயர் வழியே மொனிட்டரிடம் 'நீ யார், எந்த ரெசொலூஷன் காட்டுவாய்' என்று கேட்கிறது. மொனிட்டர் தன்னிடம் இருக்கும் இடிஐடி என்ற சின்னத் தரவை அனுப்புகிறது. அந்தப் பதில் வராவிட்டால் லப்டொப்புக்கு அங்கே மொனிட்டர் என்ற ஒன்றே இல்லை. பல மொனிட்டர்கள் பட்டனை அணைத்தாலும் உள்ளே உறங்கிக்கொண்டுதான் இருக்கும், பிளக்கைக் கழற்றினால்தான் புதிதாக எழும்பும். மொனிட்டரை முதலில் போட்டு, அதன் மெனுவில் நீங்கள் வயர் கொழுவிய எச்டிஎம்ஐதான் தெரிவாகி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லப்டொப்பைப் போடுங்கள். இடையில் விஜிஏ கொன்வேர்ட்டர் இருந்தால் (எச்டிஎம்ஐயைப் பழைய விஜிஏ மொனிட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னச் சாமான்) அதைத் தவிர்த்து, வீட்டுக்கார அம்மாவின் ஹோலில் இருக்கும் டிவியில் நேரே கொழுவிப் பாருங்கள். அந்தக் கொன்வேர்ட்டர்களில் பல போர்ட்டிலிருந்து வரும் 5 வோல்ட்டில்தான் உயிர்வாழ்கின்றன, சொல்லாமல் கொள்ளாமல் செத்தும் போகும்.

அப்போதும் இல்லையென்றால், லப்டொப்பைப் போடும்போதே எஃப்2 அல்லது டிலீட் கீயை விட்டுவிட்டுத் தட்டி பயோஸ் செட்டிங்ஸுக்குள் போங்கள் (கம்பனிக்குக் கம்பனி கீ மாறும்), மொனிட்டர் கொழுவியபடியே. பயோஸ் திரை மொனிட்டரிலும் தெரிந்தால் கதை முடிந்தது: போர்ட், வயர், மொனிட்டர் மூன்றும் நல்லாயிருக்கின்றன, பிழை விண்டோஸில். கடைக்காரருக்கு அதை ஒரு ஃபோட்டோ எடுத்துக் காட்டலாம். தெரியாவிட்டால் மட்டும் போர்ட் செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் சில லப்டொப்புகள் பயோஸைத் தங்கள் சொந்தத் திரையில் மட்டும்தான் காட்டும். அப்படியானால் கூட்டாளி யாரிடமாவது உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) போட்ட பென்டிரைவ் வாங்கி, இன்ஸ்டோல் செய்யாமல் 'ட்ரை' கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அதில் மொனிட்டர் வேலை செய்தால் போர்ட் நல்லாயிருக்கிறது.

பிழை விண்டோஸில் என்றால், விண்டோஸ் கீயும் பி-யும் (P) சேர்த்து அமர்த்தி 'எக்ஸ்டென்ட்' தெரிவுசெய்யுங்கள். 'பிசி ஸ்கிரீன் ஒன்லி'யில் நின்றதால் வந்த வினையாகவும் இருக்கலாம். விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) என்ற நாலையும் சேர்த்து அமர்த்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் திரும்பத் தொடங்கும், திரை ஒரு தரம் மின்னும், பயப்பட வேண்டாம். பிறகு டிவைஸ் மனேஜரில் 'டிஸ்பிளே அடப்டர்ஸ்' திறந்து பாருங்கள். 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர்' என்று இருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை. லப்டொப் கம்பனியின் இணையத்தளத்தில் உங்கள் மொடல் இலக்கத்துக்கு உரியதை இறக்கிப் போடுங்கள். உங்களுடையதில் தனி கிராஃபிக்ஸ் சிப்பும் இருந்தால் அங்கே இரண்டு பெயர் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கவனியுங்கள்: பல கேமிங் லப்டொப்புகளில் எச்டிஎம்ஐ போர்ட் அந்தத் தனிச் சிப்பில்தான் இணைக்கப்பட்டிருக்கிறது, சிப் அணைந்தால் போர்ட்டும் ஊமை. பயோஸில் கிராஃபிக்ஸ் என்று வரும் இடத்தில் 'ஹைபிரிட்' அல்லது 'ஸ்விட்ச்சபிள்' ஆக மாற்றினால் திரும்பி வரும்.

பழைய பயோஸுக்குத் திரும்புவது கடைசி வழி. சில கம்பனிகள் அதை அனுமதிப்பதும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன், அந்தக் கிழமை அங்கே இடி மின்னல் இருந்ததா? ஐப்பசி, கார்த்திகையில் கேபிள் டிவி வயர் வழியே வரும் மின்னல் எச்டிஎம்ஐ போர்ட்டை உண்மையாகவே எரித்துவிடும். அப்படி ஏதும் நடந்திருந்தால் கடைக்காரர் சொன்னதைத் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி: ஐயா, எனக்கும் பயோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை. யூஎஸ்பி-சி டொக்கில் (பல சாமான்களை ஒரே வயரில் லப்டொப்போடு இணைக்கும் பெட்டி) கீபோர்ட், மவுஸ், சார்ஜ் எல்லாம் வேலை செய்கிறது, மொனிட்டர் மட்டும் இல்லை. சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: யூஎஸ்பி-சியில் தரவு, சார்ஜ், படம் மூன்றும் ஒரே ஓட்டையில் போனாலும் தனித்தனி ஏற்பாடுகள். படம் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' (Alt Mode) என்ற முறையில் போகிறது, அதற்கு லப்டொப்பும் டொக்கும் கொழுவிய கணத்திலேயே பேசி இணங்க வேண்டும். டொக்கின் பவர் வயரையும் கழற்றி, மேலே சொன்னபடி லப்டொப்பையும் முழுதாக அணைத்துவிட்டுத் திரும்பக் கொழுவுங்கள். லப்டொப்பில் இரண்டு யூஎஸ்பி-சி இருந்தால் மற்றதிலும் பாருங்கள், எல்லா யூஎஸ்பி-சியும் படம் தராது. மின்னல் குறியோ டிஸ்பிளேபோர்ட் குறியோ இருப்பது வழமையாகத் தரும். தண்டர்போல்ட் (மின்னல் குறி போட்ட வேகமான இணைப்பு) டொக் என்றால் பயோஸில் தண்டர்போல்ட் பாதுகாப்பு செட்டிங் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். டொக்குக்கும் சொந்தமாக ஒரு ஃபேர்ம்வெயர் (உள்ளே ஓடும் சின்ன மென்பொருள்) உண்டு, லப்டொப் புதியதற்குப் போய் டொக் பழையதில் நின்றால் இரண்டும் ஒத்துவராமல் போகலாம். படத்தை டிரைவர் மூலம் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்பும் டிஸ்பிளேலிங்க் வகை டொக்குக்கு ஆல்ட் மோட் பற்றிச் சொன்னது பொருந்தாது, அதற்குத் தனி டிரைவரைத் திரும்பப் போட்டாலே பெரும்பாலும் போதும்.

கேள்வி: இப்படியெல்லாம் வருமென்றால் பயோஸ் அப்டேட்டையே நிறுத்திவிடலாமா? எங்கள் பக்கம் கறண்டும் அடிக்கடி போகிறது. என் லப்டொப்பின் பட்டரி வேறு செத்துப்போய்விட்டது. — சாவகச்சேரி வாசகி.

பதில்: அடியோடு நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் இந்த அப்டேட்டுகள்தான். ஆனால் செத்த பட்டரியோடு செய்யவே கூடாது. நல்ல பட்டரி இருந்தால் கறண்ட் போனாலும் அது தாங்கிக்கொள்ளும், உங்களுடையதில் பாதியில் நின்றால் லப்டொப்பே எழும்பாமல் போகலாம். பட்டரி மாற்றும் வரை பயோஸில் 'கப்ஸ்யூல் அப்டேட்' என்று ஒரு செட்டிங் இருந்தால் அதை அணைத்து வையுங்கள், விண்டோஸ் வழியாகத் தானாக ஏறுவது நிற்கும். பயோஸுக்குள் கை வைக்க முதல், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் ரிக்கவரி கீயை எடுத்து வையுங்கள், பயோஸ் மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். 48 இலக்கம், வழமையாக உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள், அந்த லப்டொப்புக்குள்ளேயே சேவ் பண்ணி வைக்க வேண்டாம்.