எஸ் பாஸில் 4,800 வெள்ளி சம்பளம்: கல்யாணம் முடித்துச் சிங்கப்பூர் வரலாமா, கனடாவுக்கு முயலலாமா?

கேட்டவருக்கு 28 வயது. கோவையில் மென்பொருள் வேலை, தையில் கல்யாணம், பெண் வங்கியில் வேலை பார்க்கிறார். சிங்கப்பூரில் எஸ் பாஸில், அதாவது நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதியில், வேலை கையில் இருக்கிறது, கனடா மனதில் இருக்கிறது. நான் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். 2022இல் புதுத் தாலியின் மஞ்சள் மாறாமல் திருச்சியிலிருந்து இங்கே வந்து இறங்கியவள்.

மாதம் 4,800 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, ரூபாயாக்கினால் மூன்று லட்சத்தைத் தாண்டும். ஊரில் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அந்தச் சம்பளத்தில் மனைவியைக் கூட்டி வந்து குடித்தனம் வைக்க முடியாது. மனைவி, பிள்ளைகளுக்கு டிபி (குடும்பத்தார் உடன் தங்குவதற்கான அனுமதி) வாங்க வேண்டுமென்றால் உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். எஸ் பாஸ் என்றாலும், உயர்நிலை வேலைக்கான ஈபி என்றாலும் அதே கணக்குதான். இது தெரியாமல் வந்து, மூன்று வருடமாக மகளைக் கைப்பேசித் திரையிலேயே வளர்த்த புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் என் கணவரின் பழைய அறைத் தோழர். ராத்திரி ஒன்பதரைக்கு அறையில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்களாம். ஊரில் அப்போது ஏழு மணி, அந்தக் குழந்தை வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரம்.

சரி, பேசிப் பேசி 6,000 வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நீங்கள் விசாரிக்க வேண்டியது, வருகிறவர் இங்கே வேலை பார்க்க முடியுமா என்பது. முன்பெல்லாம் டிபியில் இருப்பவருக்கு வேலை கொடுப்பவர் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும். 2021 மே 1 முதல் அது போய்விட்டது. இப்போது அவரும் தனியாக ஈபியோ எஸ் பாஸோ ஒர்க் பெர்மிட்டோ வாங்கியாக வேண்டும். எங்களுக்கு இது தெரியாது. "வந்து ரெண்டே மாசத்துல வேலை கிடைச்சிடும்" என்று கணவரின் நண்பர் சொன்னார். அவர் மனைவி வேலைக்குச் சேர்ந்தது 2019இல். அவர் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்துவிட்டோம்.

திருச்சியில் ஐந்து வருடம் கணக்காளராக இருந்தவள் நான். இங்கே நேர்காணல்கள் நன்றாகவே போகும். கணக்கு கேட்பார்கள், ஜிஎஸ்டி கேட்பார்கள், எப்போது சேரலாம் என்றுகூடக் கேட்பார்கள். கடைசியில்தான் அந்தக் கேள்வி வரும்: "உங்களிடம் என்ன பாஸ்?" டிபி என்றதும் பேனாவை மூடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சேவைத் துறையில் எஸ் பாஸ்காரர்கள் மொத்த ஆட்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பதினைந்து பேர் உள்ள கடையில் ஓர் இடம்தான். அந்த ஒருவருக்கும் முதலாளி அரசாங்கத்துக்குத் தீர்வை கட்ட வேண்டும், இப்போது மாதம் 650 வெள்ளி. இருக்கும் ஒரே இடத்தை எனக்கு ஏன் கொடுப்பார்கள்?

பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன். வீடு என்று சொல்வதே அதிகம், உட்லண்ட்ஸில் ஒரு காமன் ரூம், அதாவது இன்னொருவர் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருந்தார்கள். லைட் குக்கிங் என்றால் மேகி, முட்டை, அதிகம் போனால் பருப்பு. வீட்டுக்காரம்மாவும் தமிழ்தான், நல்லவர்தான், ஆனால் நான் கடுகு தாளித்தால் கூடத்து ஜன்னலைத் திறந்து வைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், திறந்து வைப்பார். லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்குப் போனால் மல்லிகைப் பூவுக்குக் கொடுக்கும் வெள்ளிகூடக் கணவர் கொடுத்ததுதான். அவர் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுக்கே மாதாமாதம் பணம் கொடுத்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு வரப்போகிறவரைக் கேளுங்கள், சொல்வார். பதினைந்தாம் மாதம் ஒரு சின்ன சரக்கு நிறுவனத்தில் எஸ் பாஸ் கிடைத்தது. அப்புறம்தான் எனக்கு இந்த ஊர் பிடிக்கத் தொடங்கியது.

பிடிக்கக் காரணம் நிறைய. மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டும் டெங்கி அறிவிப்பில்கூடத் தமிழ் இருக்கும். அரசாங்கப் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். என் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று மாலை போன் வந்தது. இரவு விமானம் ஏறினேன், நான்கு மணி நேரத்தில் திருச்சி. கனடாவிலிருந்து இது நடக்காது. பதிலுக்குக் கனடாவில் நிரந்தரவாசம் கிடைத்துப் போனால் மனைவிக்கும் சேர்த்தே கிடைக்கும், போய் இறங்கியதும் அவரும் வேலை தேடலாம். கனடாவின் குடியேற்றத் தேர்வில் உங்கள் புள்ளிகள் தேறுமா என்பது வேறு கதை.

குழந்தை விஷயத்தில் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். இங்கே பிறந்தாலும் அப்பா அம்மா இருவரில் ஒருவராவது குடிமக்களாக இல்லாவிட்டால் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது. எங்கள் மகனின் பிறப்புச் சான்றிதழிலேயே அப்படி ஒரு வரி இருக்கிறது. பேபி போனஸ் உதவித்தொகையும் குழந்தைப் பராமரிப்பு நிலையக் கட்டணக் கழிவும் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். பிரசவம் பார்க்க வந்த என் அம்மாவுக்கு முதலில் கிடைத்தது 30 நாள். பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 12,000 வெள்ளி சம்பளம் கேட்கிறார்கள். பிஆர் (நிரந்தரவாசம்) கிடைத்து மூன்று வருடம் கழித்துத்தான் மறுவிற்பனை வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, வாங்கலாம். பிள்ளைக்கும் சேர்த்து பிஆர் வாங்கினால், மகன் 18 வயதில் இரண்டு வருடம் தேசிய சேவைக்குப் போக வேண்டும். எங்களுக்கு அதில் மனத்தடை இல்லை. சில வீடுகளில் இதுதான் பெரிய சண்டை, அதைக் கல்யாணத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 4,800க்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். 6,000க்குக் கேளுங்கள், அதுவும் நிலையான சம்பளமாக. ஓவர்டைமையும் போனஸையும் சேர்த்துக் காட்டினால் டிபிக்குக் கணக்கில் வராது. கூடவே அவரையும் கோவையிலிருந்தே இங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வங்கி அனுபவத்துக்கு இங்கே மதிப்பு உண்டு. அவருக்கு முதலில் ஈபி கிடைத்தால் அவர் முன்னால் வரட்டும், நீங்கள் டிபியில் வாருங்கள். ஏன், கூடாதா?

இன்னொன்று, கோயில் கல்யாணப் புகைப்படம் இங்கே செல்லாது. தாலி கட்டிய கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பதியும்போது இனிஷியலைப் பாருங்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, திருமணச் சான்றிதழில் வெறும் 'கே'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.